சோற்றை விடவா, நடக்கவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விசயத்தைத்தான் கேட்கின்றன: உடம்பு எப்படிக் குறைவது, குறைந்தது திரும்பி ஏறாமல் எப்படி வைத்திருப்பது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் எல்லாம் இதே கேள்வி. அதனால் இந்த இதழை முழுதாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள், உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 72 கிலோ. தங்கச்சியின் கல்யாணத்துக்கு முன்னம் வட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலைப் பார்த்து, சோற்றை முழுதாக விட்டு, காலமை பப்பாசி, மத்தியானம் வெள்ளரிக்காய், இரவு சூப் என்று ஒரு மாதம் இருந்தேன். 6 கிலோ குறைந்தது. பிறகு ஆறு மாதத்துக்குள் 8 கிலோ ஏறிவிட்டது. இப்போது காலையில் புட்டு அல்லது இடியப்பம், மத்தியானம் சோறு, நாலு மணிக்கு அலுவலகத்தில் ஒரு ரோல்ஸ், இரவு பாண். தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஐந்து தரம், மூன்று கரண்டி சீனி போட்டு. திரும்பவும் சோற்றை விடவா, அல்லது ஜிம்முக்குப் போகவா? சோற்றை விட்டால் அம்மா பேசுகிறா.

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்தப் பட்டியலைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஜிம்முக்குப் போவது உங்கள் விருப்பம், இப்போதைக்கு அது கட்டாயம் இல்லை.

அந்த 6 கிலோவில் என்னென்ன போனது என்று பாருங்கள். சோறு, பாண் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால், ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து சில நாளிலேயே தீரும், அதில் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து போகும், அதனால்தான் முதல் கிழமை தராசு மளமளவென்று இறங்குகிறது. பப்பாசியிலும் வெள்ளரிக்காயிலும் புரதம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை, ஆகவே தசையும் கரைந்திருக்கும். மிச்சம்தான் கொழுப்பு. பிறகு வழமையான சாப்பாட்டுக்கு வந்தவுடன் தண்ணீர் உடனே திரும்பும், கொழுப்பு மெல்ல மெல்லத் திரும்பும், தசை மட்டும் தானாகத் திரும்பாது.

இன்னொன்றும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் நடந்து 2011இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 50 பேரைச் சேர்த்து 10 கிழமைக்கு மிகக் குறைந்த சாப்பாடு கொடுத்து மெலிய வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து இரத்தத்தைச் சோதித்தபோதும் பசியைக் கூட்டும், குறைக்கும் ஹோர்மோன்கள் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை, அவர்களுக்குப் பசியும் முன்னரைவிடக் கூடுதலாகவே இருந்தது. அதனால் நிறை திரும்பியது உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லாததால்தான் என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். பட்டினி கிடந்த எந்த உடம்பும் அப்படித்தான் செய்யும்.

சரி, இனி என்ன செய்வது? சாப்பாடும் நடையும் இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. குறைப்பதில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு, குறைந்ததைப் பிடித்து வைத்திருப்பதில் நடைக்குப் பெரிய பங்கு. 70 கிலோ அளவில் உள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் 130, 150 கலோரிதான் செலவாகும், நாலு மணிக்குச் சாப்பிடும் அந்த ஒரு ரோல்ஸே அதைவிடக் கூடுதலாகத் தந்துவிடும். நடையை மட்டும் நம்பினால் இரண்டு மாதத்தில் சலித்துவிடும் என்பது அதனால்தான். சாப்பாட்டை மட்டும் வெட்டினால் என்ன நடக்கும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். இரண்டையும் அளவோடு சேர்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. சீனி வருத்தம் வரும் நிலையில் இருந்த 3,234 பேரைச் சேர்த்தார்கள், அதில் ஒரு பிரிவினருக்கு உடல் நிறையில் 7 சதவீதம் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிட நடையும்தான் இலக்கு. மருந்து இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குச் சீனி வருத்தம் வருவது 58 சதவீதம் குறைந்தது. சீனி மருந்தான மெற்போமின் மாத்திரை எடுத்த பிரிவில் 31 சதவீதம்தான் குறைந்தது. உங்கள் 72 கிலோவில் 7 சதவீதம் என்றால் 5 கிலோ. அந்த 5 கிலோவை இலக்காக வையுங்கள், மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் குறைய வேண்டாம்.

அம்மா பேசுவதில் நியாயம் இருக்கிறது, சோறு சாப்பிடுங்கள். தட்டைத்தான் மாற்ற வேண்டும். நாங்கள் வழமையாகப் போடுவது சோற்று மலையும் ஓரத்தில் ஒரு கரண்டி வறையும். தட்டில் பாதியை மரக்கறி பிடிக்கட்டும்: முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய், பயற்றங்காய், எது தோட்டத்தில் இருக்கிறதோ அது. கால் பங்கு மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு, பயறு, கௌபி. மிச்சக் கால் பங்குதான் சோறு, முடிந்தால் மொட்டைக்கறுப்பன் மாதிரி தவிடு போகாத சிவப்பரிசி. குளத்து ஜப்பான் மீனை (திலாப்பியா) சிலர் மலிவு என்று தள்ளிவைக்கிறார்கள், 100 கிராம் சதையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்பு குறைவு, பொரிக்காமல் குழம்பு வைத்தால் இதைவிட நல்ல சாப்பாடு எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியாது. புரதம் போதுமாக இருந்தால் நாலு மணிப் பசியும் அடங்கும், தசையும் கரையாது.

புட்டிலும் ஒரு விசயம் கவனியுங்கள். தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி. புட்டுக்குள் தேங்காய்ப்பூ, பக்கத்தில் சம்பல், அதற்கு மேல் பால் விட்ட சொதி என்றால் மூன்று இடத்தில் தேங்காய் வந்துவிட்டது. தேங்காயை விடச் சொல்லவில்லை, மூன்றில் ஒன்றைக் குறையுங்கள். புட்டுக்குக் குரக்கன் மா கலந்து, கூட ஒரு அவித்த முட்டையோ கடலைக்கறியோ வையுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது தேத்தண்ணிதான். ஐந்து தரம், மூன்று கரண்டி, அதாவது 15 தேக்கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 60 கிராம் சீனி, 240 கலோரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராம் அளவோடு நிறுத்தினால் நல்லது என்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடி, எரிச்சல் எல்லாம் வரும், விட்டுவிடுவீர்கள். கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும். பிறகு ஒரு நாள் பழைய அளவில் குடித்துப் பாருங்கள், உங்களுக்கே திகட்டும். பனங்கட்டி கடித்துக் குடிப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன், சின்னத் துண்டு போதும், அதுவும் சீனிதான்.

நடைக்கு வருவோம். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம், கதைக்க முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். எங்கள் வெயிலுக்குக் காலை 7 மணிக்கு முன்னம் அல்லது பின்னேரம் 5 மணிக்குப் பிறகுதான் சரி. தனியே போக வேண்டாம், அயலில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள், நாய்த் தொல்லைக்கும் நல்லது, ஊர் வாய்க்கும் நல்லது. பெண்கள் நடந்தால் "ஏன், வீட்டில் வேலை இல்லையோ" என்று கேட்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதைப் பல கடிதங்கள் சொல்கின்றன, அது எனக்குக் கவலைதான். அப்படி வெளியே போக ஏலாவிட்டால் முற்றம் இருக்கிறது, நாளுக்கு மூன்று தரம் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். ஆட்டம் இல்லாத கதிரை ஒன்றைச் சுவரோடு போட்டு, கையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு, பிடிக்காமல் எழும்பி, திரும்ப மெல்ல இருக்க வேண்டும். இருக்கும்போது தொப்பென்று விழக்கூடாது, மூன்று எண்ணும் நேரம் எடுங்கள், அந்த இறக்கத்தில்தான் தொடைக்கு வேலை. பத்துத் தரம், பிறகு கொஞ்சம் ஆறுதல், மூன்று சுற்று. அதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்துத் தரம். முழங்கால் நோகுமென்றால் கதிரைக்கு மேல் தலையணை போட்டு உயர்த்துங்கள்.

நிறையைக் கிழமைக்கு ஒரு தரம், ஒரே நாளில், காலையில் சாப்பிட முன்னம் பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனம் குழம்பும்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறேன், வயது 52. வயல்காரனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று நினைத்திருந்தேன். ஆனால் வயிறு முன்னுக்கு வந்துவிட்டது, கிளினிக்கில் பிரஷரும் கூட என்கிறார்கள். சாப்பாட்டிலா பிழை?

பதில்: அண்ணை, சாப்பாடு முந்தின மாதிரியே இருக்கிறது, வேலைதான் மாறிவிட்டது. உழவுக்கு உழவு இயந்திரம், அறுவடைக்கு மெசின், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள். காலபோகத்தில் சில கிழமை உடம்பு முறிய வேலை, பிறகு குளத்துத் தண்ணீர் கிடைத்தால் சிறுபோகம், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் கதிரையில். அந்த இருக்கிற மாதங்களிலும் வேலை செய்கிற நாளின் சோறுதான் தட்டில் விழுகிறது. வேலை இல்லாத நாளில் சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், அந்த இடத்தை மரக்கறியால் நிரப்புங்கள். வயலுக்குச் சைக்கிளில் போங்கள், அதைவிட நல்ல உடற்பயிற்சி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனை நடமாடும் பக்கம் என்றால் விடியமுன்னம் போக வேண்டாம்.

தராசைவிட உங்களுக்கு நாடா முக்கியம். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபின் சுற்றளவைப் பாருங்கள். எங்கள் நாட்டு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் சீனி, பிரஷர், மாரடைப்பு எல்லாவற்றுக்கும் கதவு திறக்கிறது. உடல் நிறைச் சுட்டெண்ணும் அப்படித்தான். உலகத்துக்கு 25 என்று சொன்னாலும் எங்களைப் போன்ற ஆசிய மக்கள் 23இலேயே கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதே நிறையில் எங்களுக்கு வயிற்றுக் கொழுப்பு கூட.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: பின்னேரம் சாராயமோ பியரோ உண்டா? மதுவில் ஒரு கிராமுக்கு 7 கலோரி, சீனியை விடக் கூட, அதோடு போகும் பொரியலும் மிக்சரும் தனி. பிரஷருக்கு அந்த மிக்சரின் உப்பும் சேர்ந்து அடிக்கும். குடியை நிறுத்தினால் மற்ற எதையும் மாற்றாமலே வயிறு இறங்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: காலையில் வெந்நீரில் தேனும் தேசிக்காயும் குடித்தால் கொழுப்பு கரையுமா? நண்பர்கள் புரத மாவும் வாங்கச் சொல்கிறார்கள். வயது 23, வவுனியா.

பதில்: கரையாது தம்பி. வெந்நீர் குடியுங்கள், தேசிக்காய் பிழியுங்கள், தேன் மட்டும் சீனிக் கணக்கில் சேரும். புரத மாவுக்கு முன்னம் ஒரு தரம் இரத்தத்தில் கிரியாற்றினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) சிறுநீரும் சோதியுங்கள், வவுனியா மாவட்டத்தின் சில இடங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சிறுநீரகம் நல்லாக இருந்தாலும் அந்தக் காசுக்கு முட்டை, நெத்தலி, கச்சான், பயறு என்று வாங்கினால் மாதம் முழுக்கக் காணும். சோடாப் போத்தலில் இருக்கும் நிற வட்டத்தையும் பாருங்கள், 2016இலிருந்து அது கட்டாயம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி, பச்சை என்றால் 2 கிராமுக்குக் குறைவு.

கேள்வி: 2009இல் முழங்காலுக்குக் கீழ் வலது கால் போனது. செயற்கைக் கால் போட்டுத்தான் கடை நடத்துகிறேன், புதுக்குடியிருப்பில். கடையில் இருந்து இருந்து உடம்பு வைத்துவிட்டது, இப்போது கால் இறுக்கி நோகிறது. நடக்கச் சொல்கிறார்கள், நடந்தால் புண் வருகிறது. நான் எப்படி மெலிவது?

பதில்: அண்ணை, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நடக்கச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: செயற்கைக் காலோடு நடக்கும் ஒருவருக்கு அதே தூரத்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சக்தி செலவாகும். நீங்கள் ஒரு நாளைக்கு நடப்பதே சும்மா நடை இல்லை.

முதலில் காலைச் சரிபார்க்க வேண்டும். நிறை கூடினாலும் குறைந்தாலும் தண்டு (மிச்சமிருக்கும் கால்) உட்காரும் செயற்கைக் காலின் கிண்ணம் பொருந்தாமல் போகும், இப்போது இறுக்குகிறது, மெலிந்தால் தளரும். கால் செய்து தந்த நிலையத்துக்குப் போய் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், மெலியத் தொடங்கப் போகிறேன் என்றும் சொல்லுங்கள், தண்டுக்குப் போடும் உறையை மாற்றி மாற்றிச் சமாளிக்க வழி காட்டுவார்கள். புண் ஆறும்வரை நடைப் பயிற்சி வேண்டவே வேண்டாம். ஆறிய பிறகும் நடந்து முடிந்ததும் காலைக் கழற்றித் தண்டைப் பாருங்கள், பின்பக்கத்துக்குக் கண்ணாடி வையுங்கள். சிவந்த இடம் 10, 15 நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். சீனி வருத்தமும் இருக்குமென்றால் இதில் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது.

அதுவரை கைக்கு வேலை கொடுங்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றரைக் கிலோ, இரண்டு போத்தல் கடையிலேயே இருக்கும். கதிரையில் நிமிர்ந்து இருந்து தோளுக்கு மேல் தூக்குவது, முழங்கை மடித்துத் தூக்குவது, கையை வீசிக் குத்துவது, பாட்டுப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் செய்தால் மூச்சு வாங்கும், அந்த மூச்சு வாங்குவதுதான் வேண்டியது. வாடிக்கையாளர் குறைந்த நேரத்தில் நாளுக்கு மூன்று தரம் செய்யுங்கள். படுத்துக்கொண்டு தொடையைத் தூக்கிப் பிடிப்பதையும் சேருங்கள், தொடைத் தசை வலுத்தால் நடை இலகுவாகும்.

உங்களுக்குச் சாப்பாட்டின் பங்கு மற்றவர்களைவிடக் கூட. கடையில் கைக்கெட்டும் தூரத்தில் பிஸ்கட் பெட்டி இருப்பது சின்ன விசயம் இல்லை, அதைக் கை எட்டாத தட்டுக்கு மாற்றுங்கள், கைக்குக் கிட்ட அவித்த கடலையோ கொய்யாவோ இருக்கட்டும். சுவரில் ஒட்டியிருக்கும் உயரம் நிறை அட்டவணையை நீங்கள் பார்க்க வேண்டாம், அது இரண்டு காலும் உள்ளவர்களுக்குப் போட்ட கணக்கு. இடுப்பளவை மட்டும் எழுதி வாருங்கள்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, குண்டு என்று யாரோ சொன்னார்களாம், காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போகிறாள். காலைப் பிரார்த்தனையில் ஒரு நாள் தலைசுற்றி விழுந்துவிட்டாள்.

பதில்: அம்மா, வளரும் பிள்ளைக்கு மெலியும் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. பெரியவர்களின் கணக்கும் அவளுக்குப் பொருந்தாது, வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அதைப் பாருங்கள், இரத்தச் சோகை இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். பாடசாலையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் போடுகிறாளா என்று கேளுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள், இரும்புச்சத்தைச் சேரவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். முருங்கையிலைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் சத்து நன்றாகச் சேரும். வீட்டில் யாரும் அவளுடைய உடம்பைப் பற்றிப் பகிடிக்கும் கதைக்கக் கூடாது, அப்பாவும் அண்ணாவும் உட்பட. அவளுக்கென்று தனிச் சாப்பாடு வேண்டாம், முழு வீடும் ஒரே மாதிரிச் சாப்பிடட்டும், பின்னேரம் வலைப்பந்தோ சைக்கிளோ அவளுக்குப் பிடித்ததை விடுங்கள். மூன்று கிழமையிலும் அவள் சாப்பாட்டைத் தவிர்ப்பது நிற்காவிட்டால், அல்லது சாப்பிட்டபின் சத்தி எடுக்கிறாள் என்று சந்தேகம் வந்தால், உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 46, மன்னார் மாவட்டம். சீனிக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். ஒரு வருடத்தில் 88 கிலோவிலிருந்து 77க்கு வந்தேன், பட்டினி இல்லாமல், நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும். இப்போது இரண்டு மாதமாகத் தராசு அசையவே இல்லை. மடுத் திருவிழாவும் வருகிறது, சாப்பாடு தவறிவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: அக்கா, 11 கிலோ என்றால் உங்கள் நிறையில் எட்டில் ஒரு பங்கு. 5 சதவீதம் குறைந்தாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும், நீங்கள் அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டீர்கள். தராசு நிற்பதற்குக் காரணம் எளிது. 77 கிலோ உடம்புக்கு 88 கிலோ உடம்பைவிடக் குறைந்த சாப்பாடு போதும், ஆகவே முன்னம் குறைக்க உதவிய அதே சாப்பாடு இப்போது நிறையைப் பிடித்து வைக்கும் சாப்பாடாகிவிட்டது. இரண்டு மாதம் ஏறாமல் பிடித்து வைத்திருப்பதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள், ஆக அதிகமானவர்கள் சறுக்கும் இடத்தில் நீங்கள் நின்று பிடிக்கிறீர்கள்.

அமெரிக்காவில் 1994இலிருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது அப்படியே வைத்திருந்தவர்களை மட்டும் சேர்ப்பது, 10,000 பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். குறைத்த வழி ஆளுக்காள் வேறு, வைத்திருக்கும் வழிதான் ஒரே மாதிரி: பெரும்பாலானவர்கள் நாளுக்கு ஒரு மணி நேரமளவு உடலை அசைக்கிறார்கள், அதிலும் நடைதான் கூட, காலைச் சாப்பாட்டை விடுவதில்லை, கிழமைக்கு ஒரு தரமாவது நிறை பார்க்கிறார்கள், ரீவிக்கு முன்னால் இருப்பது குறைவு. ஆகவே சாப்பாட்டை இன்னும் வெட்ட வேண்டாம், நடையை மெல்ல மெல்ல 45, 60 நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள், முதல் பதிலில் சொன்ன கதிரைப் பயிற்சியையும் சேருங்கள்.

திருவிழாவுக்குச் சந்தோசமாகப் போங்கள். அங்கேயும் நடைதானே. நல்ல சாப்பாடு கிடைத்தால் ஒரு நேரம் சாப்பிடுங்கள், அடுத்த நேரத்திலிருந்து வழமைக்குத் திரும்பினால் ஒன்றும் கெட்டுப்போகாது. அதற்கு ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடப்பதுதான் உங்களுக்குக் கூடாது, சீனி மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். நடக்கப் போகும்போதும் இரண்டு ரொபி பையில் இருக்கட்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியைக் கொண்டுபோய், "88இலிருந்து 77க்கு வந்துவிட்டேன், மாத்திரை அளவை ஒரு தரம் பாருங்கோ" என்று நீங்களாகவே டொக்டரிடம் சொல்லுங்கள். சனம் நிறைந்த கிளினிக்கில் அவர் கவனிக்காமல் பழைய அளவையே எழுதிவிடலாம். எழும்பும்போது தலை சுற்றுகிறது என்றாலோ, நடந்து வந்ததும் கை நடுங்கி வியர்க்கிறது என்றாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.